எண்ணத் தெரியாதவனின் வேட்டை

பிரிக்பீல்ட்ஸில் வாழை இலை போட்டு உட்கார்ந்தால் போதும், எங்கள் கிள்ளான் மாமா காட்டுக்குள் போய்விடுவார். போன தடவையும் அப்படித்தான்.

“ரூசாவுக்கு மறுபடியும் லைசன் தொறப்பான்டா. இந்தத் தடவை குலுக்கல்லதான் கொடுப்பான், பாரு. இப்பவே ரெடியா இருக்கணும்.”

அவர் ரெடியாகத்தான் இருக்கிறார். புது பூட்ஸ், புதுக் கத்தி வாங்கிவிட்டார். அமெரிக்காவில் எல்க் மான் சுடுகிறவர்களின் காணொளிகளை இரவெல்லாம் பார்க்கிறார். என் பெயரையும் சேர்த்துக்கொண்டார். மேசையில் இருந்த இன்னும் சில பையன்களும் சேர்ந்தார்கள். அதில் இரண்டு பேர் கவிதை எழுதுகிறவர்கள். குறிஞ்சி, வேட்டுவர், கண்ணப்பர் என்று ஒரு பரம்பரையையே அவர்கள் பந்தியில் இறக்கினார்கள். “வேட்டை நம்ம ரத்தத்துலயே இருக்குண்ணே.”

இந்தப் பேச்சை எதிர்த்துத்தான் எழுதுகிறேன். வேட்டை பாவம் என்று சொல்ல வரவில்லை. காட்டுப்பன்றிக் கறி தின்று வளர்ந்தவன் நான். என் சண்டை இந்த ‘ரெடி’ என்ற சொல்லோடுதான்.

முதலில் ரத்தத்தைப் பேசுவோம். நாங்கள் சாப்பிட்ட கடையிலிருந்து பழைய கோலாலம்பூர் ரயில் நிலையம் பக்கம்தான். 1910இல் திறந்த அந்தக் கட்டடத்தை வரைந்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பேக். அவருடைய தம்பி தியோடர் ஹப்பேக் தோட்டக்காரர், பெரிய வேட்டைக்காரர். யானையும் செலாடாங் காட்டெருதும் சுட்டதைப் பற்றி 1905இல் புத்தகம் போட்டவர். இலங்கையில் நுவரெலியா பக்கம் வெள்ளைக்காரர்கள் நம் கடமானைத்தான், அதாவது இங்கே ரூசா என்கிறோமே, அதைத்தான் ‘எல்க்’ என்று அழைத்தார்கள். சாமுவேல் பேக்கர் நாய்களை விட்டு அதைத் துரத்தினார். ‘எல்க் ப்ளெயின்ஸ்’ என்ற ஊர்ப்பெயர் அங்கே இன்னும் இருக்கிறது. அந்த மலைகளில் தோட்டம் போட ஏறியதும் இங்கே காடு வெட்ட வந்ததும் நம் ஆட்கள். அவர்கள் கையில் இருந்தவை மண்வெட்டியும் பாராங்கும். துப்பாக்கி துரை தோளில் இருந்தது. நாம் ரத்தம் என்று சொல்லிக்கொள்வதில் பாதி, துரையைப் பார்த்து வந்த ஆசை.

அந்தத் துரைகூட ஓர் இடத்தில் நின்று யோசித்தார். இதே தியோடர் ஹப்பேக்தான் 1930களின் தொடக்கத்தில் மலாயா வனவிலங்கு ஆணையத்துக்குத் தலைமை தாங்கினார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் தேசியப் பூங்கா வேண்டும் என்று விடாமல் போராடி வாங்கினார். இன்றைய தாமான் நெகாரா அதுதான். மாமாவுக்குப் பிடித்த ஹப்பேக் 1905இல் நின்றுவிடுகிறார்.

அடுத்து குலுக்கல். காணொளியில் மாமா பார்ப்பது கடைசிக் காட்சியை மட்டும். அமெரிக்காவில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்க் ஒரு லட்சத்துக்கும் கீழே போயிருந்தது. இன்று சுமார் 10 லட்சம் இருக்கிறது. அங்கே மாநில வனவிலங்குத் துறைகள் முதலில் மந்தையைக் கணக்கெடுக்கின்றன. எத்தனை மான் போனால் மந்தை தாங்கும் என்று முடிவு செய்கின்றன. அதற்குப் பிறகுதான் அத்தனை சீட்டுக்குக் குலுக்கல். பல மாநிலங்களில், பெயர் விழாதவனுக்கு ஒவ்வொரு வருஷமும் ஒரு புள்ளி சேரும். நல்ல இடத்துக்கு 10, 20 வருஷம் காத்திருக்கிறவர்கள் உண்டு. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வரி போட்டு அதை வனவிலங்குக்கே செலவழிக்க 1937இல் சட்டம் வந்தது. எண்ணிக்கை, வரி, காத்திருப்பு எல்லாம் சேர்ந்துதான் அந்த ஒரு சீட்டு.

நம் கதை என்ன? தீபகற்ப மலேசியாவில் ரூசாவுக்கும் கிஜாங்குக்கும் லைசன் கொடுப்பது 2009இல் நிறுத்தப்பட்டது. பிறகு அந்தத் தடை நீட்டிக்கப்பட்டது. சும்மா நிறுத்தவில்லை. மான் குறைந்துவிட்டது. ரூசா புலியின் பெரிய சாப்பாடு. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பில் மலாயாப் புலி 150க்கும் கீழே என்று தெரிந்தது. காட்டுக்குள் கம்பிக் கண்ணிகள் இன்னும் கிடக்கின்றன. 2021இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்து காட்டுப்பன்றிகளும் செத்தன. புலியின் தட்டு காலியாகிக்கொண்டிருக்கும்போது நாம் குலுக்கலில் பங்கு கேட்கிறோம்.

“நம்ம ஒரு மான் சுட்டா காடு அழிஞ்சிடுமா?” என்று மாமா கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரு மானால் அழியாது. ஆனால் அந்த மேசையில் மட்டும் ஆறு பேர் இருந்தோம்.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன்பு மாமாவோடு ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் பன்றி சுடப் போனேன். லைசன் எல்லாம் சரியாக இருந்தது. சாயங்காலம், கால்வாய் ஓரம் ஒரு பன்றி நின்றது. தூரம் அதிகம். மாமாவே தயங்கினார். “சுடுங்க மாமா” என்று சொன்னது நான்தான். குண்டு வயிற்றில் பட்டது. விழுந்து கிடந்த மட்டைகள் மேல் ரத்தம் சொட்டிச் சொட்டிப் போயிருந்தது. அரைமணி நேரம் தேடினோம். இருட்டிவிட்டது. “விடுடா, தானா செத்துடும்” என்றார். காடியில் ஏறி வந்துவிட்டோம். வழியில் கோழி வாங்கிச் சாப்பிட்டோம். அன்றைக்கு நாங்கள் ரெடியாகத்தான் போயிருந்தோம். பூட்ஸ்கூட புதுசு.

எது தயாரிப்பு என்று அன்றைக்குப் பிறகுதான் யோசித்தேன். எந்தத் தூரத்தில் சுடக்கூடாது என்று முன்பே முடிவு செய்து, யார் சொன்னாலும் அதை மீறாமல் இருப்பது தயாரிப்பு. அடிபட்ட மிருகத்தை மறுநாளும் போய்த் தேட நேரம் ஒதுக்குவது தயாரிப்பு. துப்பாக்கி இல்லாமல் ஒரு வருஷம் காட்டில் நடப்பது தயாரிப்பு. கண்ணியைப் பார்த்தால் பெர்ஹிலித்தானுக்குச் சொல்வதும் அதில் சேரும். இத்தனையும் செய்து, கடைசியில் பெயர் விழவில்லை என்றால் கோபப்படாமல் வீட்டுக்கு வருவதும் தயாரிப்புதான்.

கவிஞர் தம்பிகளிடம் அன்று ஒன்று கேட்டேன். சேற்றில் பன்றிக் காலடிக்கும் மான் காலடிக்கும் என்ன வித்தியாசம்? தெரியவில்லை. பன்றியின் தடத்தில் பின்பக்கம் இரண்டு சின்னக் குளம்புகளும் பெரும்பாலும் பதியும். மானுக்கு அப்படிப் பதிவது குறைவு. இதுகூடத் தெரியாமல் எழுதுகிற குறிஞ்சி, நாற்காலியில் இருந்து எழுதுகிற குறிஞ்சி. அதைப் பரம்பரை என்று சொல்லி இன்னொருவன் கையில் துப்பாக்கி கொடுக்காதீர்கள்.

மாமாவிடம், “என் பேரை எடுத்துடுங்க” என்றேன். “அடுத்த மாசம் துப்பாக்கி இல்லாம ஒரு நாள் காட்டுக்குப் போவோம், வர்றீங்களா?” என்றும் கேட்டேன்.

மாமா இலையை மடித்துக்கொண்டே சிரித்தார். “துப்பாக்கி இல்லாம காட்டுல நமக்கு என்னாடா வேலை?”

அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் வருகிற வரைக்கும் எந்தக் குலுக்கலிலும் அவர் பெயர் விழக்கூடாது. என் பெயரும்தான்.