நீலத் தொப்பியில் நம் வீட்டுப் பெண் எங்கே?



உலகின் எந்த மூலையில் முஸ்லிம் பெண்ணின் கண்ணீர் விழுந்தாலும் நாம் கொதிக்கிறோம். போஸ்னியா, தார்ஃபூர், ஆப்கானிஸ்தான் என்று கேட்டாலே நெஞ்சு பதறுகிறது. சுவரொட்டி ஒட்டுகிறோம். கண்டனக் கூட்டம் போடுகிறோம். தொழுதுவிட்டுக் கையேந்துகிறோம். எல்லாம் சரி! ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அந்தப் பெண்ணின் அருகே போய் நின்று, அவள் சொல்வதைக் கேட்டு, அவளுக்குக் காவல் நிற்க நம் சமுதாயம் யாரைத் தயார் செய்து வைத்திருக்கிறது?

ஐ.நா. அமைதிப்படை என்றால் துப்பாக்கி ஏந்திய ராணுவ வீரர்கள் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறோம். அதில் போலீசாரும் உண்டு. பெண் போலீசாரும் உண்டு. 'இன்னும் அதிகமாகப் பெண்களை அனுப்புங்கள்' என்று ஐ.நா. எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. பாதுகாப்புச் சபையின் 1325ஆம் தீர்மானம் 2000ஆம் ஆண்டு அக்டோபரில் நிறைவேறியது. ஐ.நா. போலீசில் பெண்கள் 2014க்குள் 20 சதவிகிதம் ஆக வேண்டும் என்று 2009இல் இலக்கு வைத்தார்கள். எட்டவில்லை. 2018இல் மறுபடியும் திட்டம் போட்டு, தனி அதிகாரிகளாகப் போகும் போலீசாரில் 30 சதவிகிதமும், அணியாகப் போகும் போலீசாரில் 20 சதவிகிதமும் 2028க்குள் பெண்களாக இருக்க வேண்டும் என்றார்கள். உலகமே பெண் போலீசைத் தேடுகிறது. நம் வீட்டுக் கதவு மட்டும் சாத்தியே கிடக்கிறது!

பெண்ணுக்குப் பெண்தான் காவல்

குற்றாலத்தில் சாரல் காலத்தில் கூட்டம் அலைமோதும்போது, பேரருவியில் பெண்கள் குளிக்கும் பகுதிக்குள் ஆண் போலீஸ் போய் நிற்க முடியுமா? பெண் காவலர் நின்றால்தானே நம் வீட்டுப் பெண்கள் நிம்மதியாகக் குளித்துவிட்டு வருகிறார்கள்? அருவிக்கரையிலேயே இந்த நிலை என்றால், வீடிழந்து, கணவனை இழந்து, அகதிக் கூடாரத்தில் கிடப்பவளின் நிலை என்ன? மானபங்கப்படுத்தப்பட்ட ஒரு பெண், மொழி தெரியாத அந்நிய ஆணிடம் வாய் திறந்து புகார் சொல்வாளா?

சூடானின் தார்ஃபூரில் 2007ஆம் ஆண்டின் இறுதி முதல் 2020 வரை ஐ.நா.வும் ஆப்பிரிக்க ஒன்றியமும் சேர்ந்து அமைதிப்படையை நிறுத்தியிருந்தன. அங்கே அடுப்பெரிக்க விறகு தேடி முகாமை விட்டு வெளியே போன பெண்கள் வழியில் தாக்கப்பட்டார்கள். அதனால் விறகுக்குப் போகும் பெண்களுக்குத் துணையாக ரோந்து ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. அந்தப் பெண்கள் யார்? கலிமாச் சொன்ன பெண்கள்! தாக்கியவர்கள் யார்? அவர்களும் முஸ்லிம் பெயர் தாங்கியவர்கள்தான்! எல்லாப் பழியையும் அமெரிக்காவின் மீது போட்டுவிட்டு நாம் கை கழுவ முடியாது.

நீலத் தொப்பி போட்டவர்கள் எல்லோரும் மலக்குகள் அல்லர் என்பதும் உண்மை. 1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிகா நகரம் 'பாதுகாப்புப் பகுதி' என்று ஐ.நா. அறிவித்திருந்த இடம். டச்சுப் படையினர் அங்கே இருக்கும்போதே 8,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் பிடித்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். 2007இல் ஹைட்டியில் பாலியல் சுரண்டல் புகாரில் சிக்கி, நூற்றுக்கும் மேற்பட்ட இலங்கை ராணுவத்தினர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். காக்கப் போனவனே கைவரிசை காட்டினால் அந்தப் பெண் யாரிடம் போவாள்? இதனால்தான் கேட்கிறோம், அங்கே பெண்கள் போக வேண்டாமா என்று!

லைபீரியா சொல்லும் பாடம்

இதில் உலகுக்கே வழிகாட்டியது நம் நாடுதான். உள்நாட்டுப் போரில் சிதைந்த லைபீரியாவுக்கு 2007 ஜனவரியில், மத்திய ரிசர்வ் போலீஸ் படையிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் ஓர் அணியாகப் போய் இறங்கினார்கள். முழுக்கப் பெண்களைக் கொண்ட அணி ஐ.நா. பணிக்குப் போனது அதுவே முதல் தடவை. தலைமை தாங்கியவர் சீமா துண்டியா. தலைநகர் மன்ரோவியாவில் அதிபர் மாளிகைக்குக் காவல் நின்றார்கள். இரவு ரோந்து போனார்கள். உள்ளூர்ப் பெண் பிள்ளைகளுக்குத் தற்காப்புப் பயிற்சி கொடுத்தார்கள். இப்படி அணி மாற்றி அணியாக 2016 பிப்ரவரி வரை ஒன்பது ஆண்டுகள்!

பலன் என்ன? லைபீரியாவின் பாதுகாப்புத் துறையில் பெண்களின் பங்கு 6 சதவிகிதத்திலிருந்து 17 சதவிகிதமாக உயர்ந்ததாக ஐ.நா. சொல்கிறது. சீருடையில் ஒரு பெண்ணைக் கண்ணால் பார்த்த பிறகுதான், 'நாமும் போகலாம்' என்ற துணிச்சல் அந்த ஊர்ப் பெண்களுக்கு வந்தது.

'இதெல்லாம் பெரிய அதிகாரிகளுக்குத்தான்' என்று ஒதுங்க வேண்டாம். 2003இல் ஐ.நா.வின் போலீஸ் ஆலோசகரான முதல் பெண் கிரண் பேடி ஐ.பி.எஸ். அதிகாரிதான். ஆனால் ஆப்கானிஸ்தானில் பெண் போலீசாரை வளர்த்தெடுத்ததற்காக 2014இல் ஐ.நா.வின் சர்வதேசப் பெண் போலீஸ் விருதைப் பெற்ற சக்தி தேவி, அப்போது ஜம்மு காஷ்மீர் மாநில போலீசில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். ஆப்கன் முஸ்லிம் பெண்களுக்குத் துணை நிற்க ஜம்முவிலிருந்து ஒரு சக்தி தேவி போனார். வாழ்த்துகிறோம்! நம் ஃபாத்திமாவும் ஆயிஷாவும் எங்கே?

மார்க்கமா தடுக்கிறது?

'பெண் பிள்ளைக்கு எதற்குப் போலீஸ் வேலை? மார்க்கம் இடம் தருமா?' என்று சிலர் கேட்கிறார்கள். உஹதுப் போர்க்களத்தில் நபி (ஸல்) அவர்களைக் காக்க வாளேந்தி நின்று காயம்பட்ட உம்மு உமாரா (ரலி) யார்? ஆணா? போர்க்களத்தில் தண்ணீர் கொடுத்ததையும், காயம்பட்டோரை மதீனாவுக்குக் கொண்டு சேர்த்ததையும் ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அறிவித்த செய்தி புகாரியில் இல்லையா?

முஸ்லிம் நாடுகளைப் பாருங்கள். 2010இல் பங்களாதேஷ், பெண் போலீசாரைக் கொண்ட அணியை நிலநடுக்கத்தில் நொறுங்கிய ஹைட்டிக்கு அனுப்பியது. சக்தி தேவி வாங்கிய அதே விருதை அவருக்கு முன்பே 2011இல் வாங்கியவர் பாகிஸ்தான் போலீசைச் சேர்ந்த ஷஹ்ஸாதி குல்ஃபாம். கிழக்குத் திமோரில் பணியாற்றியவர். 2019இல் செனகல் நாட்டின் செய்னபு தியூஃப், காங்கோவில் செய்த பணிக்காக வாங்கினார்.

மஹ்ரம் இல்லாத பயணம் பற்றிய கேள்வி நியாயமான கேள்வி. பாதை பாதுகாப்பாக இருந்தால் கூடும் என்ற அறிஞர்களும் உண்டு, கூடாது என்போரும் உண்டு. ஆலிம்கள் அமர்ந்து பேசட்டும். ஆனால் தென்காசி மகளிர் காவல் நிலையத்தில் வேலை பார்க்க எந்தக் கடலைத் தாண்ட வேண்டும்? முதல் படியில் ஏறாமல் கடைசிப் படிக்கு ஃபத்வா கேட்பது எதற்கு?

தலைமறைப்பு இன்னொரு கேள்வி. இதை அரசிடம் கேட்க வேண்டும். சீக்கியச் சகோதரர் தலைப்பாகையோடு இந்தியப் போலீசில் பணியாற்றுகிறார். லண்டன் மாநகர போலீஸ் 2001இலும், ஸ்காட்லாந்து போலீஸ் 2016இலும், நியூசிலாந்து போலீஸ் 2020இலும் சீருடையோடு ஹிஜாபை ஏற்றுக்கொண்டன. அங்கெல்லாம் சட்டம் ஒழுங்கு கெட்டுப் போய்விட்டதா? தமிழக அரசே, நம் பெண்கள் சீருடையின் கண்ணியம் குறையாமல் தலையை மறைத்துக்கொள்ள வெளிப்படையான ஆணை பிறப்பி! ஐ.நா. பணிக்குப் பெயர் கேட்டு மத்திய உள்துறை அனுப்பும் கடிதங்கள் மேலதிகாரியின் மேசையோடு நின்றுவிடாமல், தகுதியுள்ள ஒவ்வொரு பெண் போலீசுக்கும் போய்ச் சேர வழி செய்!

ஏணி நம் வாசலில்தான் இருக்கிறது

போலீசில் பாரபட்சம் என்று நாம் குமுறுகிறோம். குமுறலில் நியாயம் உண்டு. ஐ.பி.எஸ். அதிகாரிகளில் முஸ்லிம்கள் 4 சதவிகிதமே என்று 2006இல் சச்சார் குழு எழுதி வைத்தது. ஆனால் போராடிப் பெற்றதை என்ன செய்தோம்? தமிழகத்தில் 2007 முதல் முஸ்லிம்களுக்கு 3.5 சதவிகித இடஒதுக்கீடு இருக்கிறது. அரசுப் பணிகளில் பெண்களுக்கும் தனி ஒதுக்கீடு இருக்கிறது. இந்த இரண்டும் சேரும் இடத்தில் நம் பெண் பிள்ளைகளுக்கென்றே இடங்கள் இருக்கின்றன. கடையநல்லூரிலும் தென்காசியிலும் செங்கோட்டையிலும் வடகரையிலும் பட்டம் வாங்கிய பெண்கள் எத்தனை பேர்? அவர்களில் சீருடைப் பணியாளர் தேர்வுக்கு விண்ணப்பித்தவர் எத்தனை பேர்? வேறெங்கும் போக வேண்டாம், உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள்!

இரண்டாம் நிலைக் காவலருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். சப் இன்ஸ்பெக்டருக்குப் பட்டப் படிப்பு. காவலர் தேர்வில் பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் ஓட வேண்டும். தினம் பழகினால் முடியாத காரியமா? ஐ.நா. பணிக்குத் தனி அதிகாரியாகப் போகக் குறைந்தது ஐந்து ஆண்டுப் போலீஸ் அனுபவம் கேட்கிறார்கள். ஆங்கிலம், வாகனம் ஓட்டுதல், துப்பாக்கி சுடுதல் என்று தேர்வு வைக்கிறார்கள். இன்று காவலர் வேலையில் சேரும் பெண்தான் நாளை அந்த வரிசையில் நிற்க முடியும்.

வணிகச் சகோதரர்களே! ஒரு கல்யாணப் பந்தலுக்கும் பிரியாணிக்கும் கொட்டும் பணத்தில் எத்தனை பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தலாம் என்று கணக்குப் போடுங்கள். கணக்கு உங்களுக்குக் கைவந்த கலை! ஊருக்கு ஒரு கூடம், பாடம் நடத்த ஓர் ஆசிரியை, அதிகாலையில் பெண்கள் ஓடிப் பழகப் பாதுகாப்பான ஒரு மைதானம் கொடுங்கள். ஜமாஅத் மனது வைத்தால் இது ஒரு மாத வேலை.

இளைஞர்களே! கண்டன ஊர்வலத்தில் முதல் வரிசையில் நிற்கும் உங்களைத்தான் கேட்கிறோம். உங்கள் தங்கை விண்ணப்பப் படிவத்தோடு வந்து நின்றால் என்ன சொல்வீர்கள்? 'நாலு பேர் என்ன நினைப்பார்கள்' என்றா? அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுங்கள். ஆங்கிலத்தில் பேசப் பழக்குங்கள். தேர்வு மையம் வரை துணைக்குப் போங்கள்.

விறகு தேடிப் போன தார்ஃபூர் பெண்ணுக்குச் சுவரொட்டி துணைக்குப் போகவில்லை. சீருடை போட்டவர்கள்தான் போனார்கள். அடுத்த தேர்வு அறிவிக்கை வரும்போது உங்கள் ஜமாஅத்திலிருந்து எத்தனை பெண்களின் விண்ணப்பம் போகப் போகிறது? இந்த ஜும்ஆ முடிந்ததும் நிர்வாகிகளிடம் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்!