அழகிய படமும் நம்பத்தக்க அளவும்

மார்பைத் திறவாமலும், நாளத்துக்குள் குழாயைச் செலுத்தி இதயம் வரை கொண்டுபோகாமலும், ஹிருதயத் தசையின் ஒரு கிராமுக்கு நிமிஷத்தில் எத்தனை மில்லிலிட்டர் ரத்தம் பாய்கிறது என்று எண்ணால் சொல்லும் வல்லமையை பெட் ஸ்கேன் வைத்தியத்துக்கு அளித்திருக்கிறது. ஓய்வில் ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டராக உள்ள அந்தப் பிரவாகம், மருந்தினால் நாளங்கள் விரியும்போது ஆரோக்கியமான ஹிருதயத்தில் மூன்று மடங்கையும் எட்டும். இரண்டு மடங்குக்குக்கூட உயராவிடில் வைத்தியர்கள் கவலை கொள்வர். மூன்று பிரதான நாளங்களும் ஒரே விதமாகச் சுருங்கிய நோயாளியிடம், தசையின் ஒரு பாகத்தை மற்றொன்றோடு ஒப்பிட்டு மட்டும் பார்க்கும் படம் குற்றமற்றதாகத் தோன்றிவிடக்கூடுமாதலால், இவ்வெண்ணின் பிரயோஜனம் மிகப் பெரிது.

ஆனால் அந்த எண் யந்திரத்திலிருந்து நேரே உதிப்பதன்று. ரத்தத்தில் ஏற்றிய ரூபிடியம்-82 என்னும் கதிரியக்கப் பொருள் சிதைந்து பாசிட்ரானை வெளியிட, அது எலெக்ட்ரானைச் சந்தித்து அழியும் கணத்தில் எதிரெதிரே பாயும் இரு காமாக் கதிர்களை யந்திரம் குறித்துக்கொள்கிறது. அத்தகைய எண்ணற்ற குறிப்புகளிலிருந்து பிம்பத்தைத் திரும்ப எழுப்புவது கணிதத்தின் காரியம். பதிவான கோடுகளை வடிகட்டி மீண்டும் படத்தின்மேல் பரப்பும் பழைய முறை எளியது, விரைவானது. எனினும் கதிர்கள் குறைந்தவிடத்துப் படமெங்கும் கீற்றுகள் படர்ந்துவிடும். 1982-இல் ஷெப், வார்டி இருவரும் புள்ளியியலின் துணைகொண்டு படிப்படியாகத் திருத்திச் செல்லும் முறையை வகுத்தனர். பதிவுகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து அதை விரைவுபடுத்தும் வழியை 1994-இல் ஹட்சனும் லார்க்கினும் காட்டினர். கருவியின் இயல்பான மங்கலையும் கணக்கில் சேர்க்கும் முறைகள் பின்னர் வந்தன.

இவை ஒவ்வொன்றும் படத்தை மேலும் அழகாக்கின என்பதில் சந்தேகமில்லை. அளவையும் அவ்வாறே மெய்யாக்கின என்று கொள்வதுதான் பிழை. ரூபிடியத்தின் அரைவாழ்வுக் காலம் 76 விநாடியே ஆதலால், முதலில் கதிர்வெள்ளமும் பிறகு வறட்சியுமாக, சில விநாடிகளே நீடிக்கும் சிறு சிறு படங்களாக இந்தப் பரிசோதனை அமைகிறது. திருத்தத்தைச் சீக்கிரம் நிறுத்தினால் பிம்பம் மங்கும். மிகையாகத் தொடர்ந்தால் இரைச்சல் பெருகும். மங்கலை நீக்க முயலும் கணிதமோ தசையின் விளிம்புகளில் இல்லாத பிரகாசத்தை ஏற்றிவிடக்கூடும். இடது கீழறையிலுள்ள ரத்தத்தின் கதிரியக்க உச்சம் குறைத்துக் காட்டப்பட்டால், தசைக்குள் பாயும் ரத்தம் உள்ளதைவிட மிகுந்ததாகக் கணக்காகும்.

பலரைச் சேர்த்துச் சராசரி கண்டால் இந்த வேறுபாடுகள் சிறியனவே என்று சிலர் சமாதானம் கூறுவர். இரண்டு மடங்கு என்னும் எல்லைக்கோட்டருகே நிற்கும் நோயாளிக்கு அச்சமாதானம் உதவாது, 1.9 என்பதும் 2.1 என்பதும் அவருடைய சிகிச்சையையே மாற்றிவிடக்கூடியவை.

ஆகவே ரத்த ஓட்டத்தைக் குறிக்கும் ஒவ்வோர் அறிக்கையிலும், பிம்பம் எந்த முறையால், எத்தனை சுற்றுத் திருத்தங்களால், எந்த வடிகட்டியால் எழுப்பப்பட்டது என்பது எழுதப்பட வேண்டும். அதே நோயாளியின் மறுபரிசோதனை அதே முறையில் நடைபெற வேண்டும். முறையை மாற்றும் மருத்துவமனை, ஆரோக்கியமானவர்களுக்குரிய இயல்பெல்லையைப் புதிதாக நிர்ணயிப்பதோடு, பழைய மூலப் பதிவுகளையும் பத்திரப்படுத்த வேண்டும். இவற்றுக்குப் புதிய யந்திரம் தேவையில்லை. ஒழுங்கு ஒன்றே போதும். அந்த ஒழுங்கை மருத்துவமனைகள் தாமே முன்வந்து மேற்கொள்ள வேண்டும்.