கொலம்பியா: தப்பித்ததெல்லாம் லாபமா?

கொலம்பியா என்றதும் பலருக்கும் கல்பனா சாவ்லாதான் ஞாபகத்துக்கு வருவார். 2003 பிப்ரவரி 1, தரையிறங்க சுமார் 16 நிமிடமே இருந்தபோது விண்கலம் சிதறி 7 பேரும் இறந்தார்கள்.

ஜனவரி 16-ல் கிளம்பிய 82-வது விநாடியில், எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு இடது இறக்கையில் ஓட்டை போட்டிருந்தது. திரும்பும்போது அதன் வழியே கொதிக்கும் வாயு புகுந்து இறக்கையை உள்ளிருந்தே உருக்கியது.

துண்டு மோதியது மறுநாளே வீடியோவில் தெரிந்தது. விண்வெளியிலேயே இறக்கையைப் படமெடுத்துப் பார்க்கலாம் என்று பொறியாளர்கள் கேட்டார்கள். நாசா மேலதிகாரிகள் சம்மதிக்கவில்லை. முன்பும் நுரை விழுந்திருக்கிறதே, கலம் பத்திரமாகத் திரும்பியதே என்ற தைரியம்!

போன வருஷம் தீப்பிடிக்கவில்லை என்று இன்சூரன்ஸை விட்டுவிடும் கடைக்காரரின் கணக்குதான் இது. படமெடுத்திருந்தால் அட்லாண்டிஸை அனுப்பி மீட்க, கஷ்டமானாலும், வாய்ப்பு இருந்தது என்றது விசாரணைக் குழு. தப்பித்த தடவைகளை லாபத்தில் எழுதக்கூடாது. அவை வசூலிக்கப்படாத கடன்.