மூன்று வயது வரை யார் பார்ப்பது?

அங்கன்வாடியில் உப்புமா வேண்டாம், பிரியாணியும் பொரித்த கோழியும் வேண்டும் என்று கேட்ட ஆலப்புழைச் சிறுவனின் வீடியோவை 2025 தொடக்கத்தில் கேரளமே பார்த்துச் சிரித்தது. அப்போதைய அமைச்சர் வீணா ஜார்ஜும் பார்த்தார். அவர் சிரித்ததோடு விடவில்லை. அந்த ஜூன் மாதம் வந்த புதிய உணவுப் பட்டியலில் முட்டை பிரியாணி இருந்தது. உப்பையும் சர்க்கரையையும் குறைத்திருந்தார்கள். பொரித்த கோழி கிடைக்கவில்லை. போகட்டும், பேரம் என்றால் இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தானே வேண்டும்!

வாய் திறந்து கேட்கத் தெரிந்த வயதுக்கு அங்கன்வாடி இருக்கிறது, அமைச்சரும் காது கொடுத்தார். அதற்கு முந்தைய வயதைப் பற்றித்தான் நமக்குக் கவலை.

நடை பழகிய நாளிலிருந்து மூன்று வயது வரை ஒரு பிள்ளையை வளர்ப்பவர்களுக்குத் தெரியும், அது என்ன பாடு என்று. ஊட்டினால் துப்பும், கிண்ணத்தைக் கையில் கொடுத்தால் சோறு தலையில் இருக்கும். குளிக்க வராது, குளித்தால் தண்ணீரை விட்டு எழாது. எதைக் கேட்டாலும் முதல் பதில் 'வேண்டாம்'தான். அது அடமில்லை, தனக்கென்று ஒரு விருப்பம் உண்டு என்பதைப் பிள்ளை அப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறது. அதே பிள்ளை சாயங்காலம் வாசலில் நின்று காக்காயைக் கூப்பிடும், போகிற வருகிற லாரிக்கெல்லாம் டாட்டா காட்டும், நேற்று வரை இல்லாத ஒரு சொல்லைத் திடீரென்று சொல்லும். அதைக் கேட்டதும் அன்றைக்குப் பட்ட பாடெல்லாம் மறந்துபோகும்.

பொள்ளாச்சிப் பக்கம் ஆனைமலையைத் தாண்டினால் வரும் கோவிந்தாபுரத்தில் இந்தப் பிள்ளைகள் டாட்டா காட்ட லாரிகளுக்குக் குறைவில்லை. தமிழ்நாட்டு எல்லையில் சோதனைச்சாவடி உள்ள ஊர். பாலக்காடு மாவட்டம், முதலமடை ஊராட்சி. இங்கே பல வீடுகளில் பேச்சு தமிழ், அங்கன்வாடியில் மலையாளம். பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொண்டு பேசுவதைக் கண்டு பெற்றோர் பயப்பட வேண்டாம், தானாகப் பிரித்துக்கொள்வார்கள். உண்மையான சிக்கல் காலையில் இருக்கிறது. முதலமடை என்றால் மாம்பழம். நாட்டின் மற்ற இடங்களுக்கு முன்பே இங்கே காய் இறங்கிவிடும். காய் தரம் பிரிக்க, பெட்டி கட்ட, தோப்பு வேலைக்கு என்று அம்மா கிளம்பிவிட்டால் இரண்டு வயதுப் பிள்ளை யாரிடம்?

அம்மிச்சியிடம், அதாவது பாட்டியிடம். அம்மிச்சி இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில். இடுக்கி எல்லையிலும் இதே கதைதான். தேனி மாவட்டத்துக் கம்பம், போடி பக்கமிருந்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஜீப்பில் தினமும் மலையேறும் பெண்கள், பிள்ளை கண் விழிக்கும் முன்னால் வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள். ஓடும் பிள்ளையை முழங்கால் வலியோடு துரத்த முடியாத பாட்டி, கடைசியில் செல்போனைக் கையில் கொடுத்து உட்கார வைக்கிறார். இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. சொல்வது எளிது. அந்தப் பாட்டியைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை.

பிள்ளையைத் தோப்புக்கே தூக்கிப்போகலாமே என்பவர்கள், மருந்து அடிக்கும் இடத்தைப் பார்த்ததில்லை. எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்தை உச்ச நீதிமன்றம் 2011இல் தடை செய்தது. அந்த மருந்தால் குழந்தைகள் பாதிக்கப்பட்டதாகப் புகார் எழுந்த ஊர்களில் முதலமடையும் ஒன்று.

சட்டம் இல்லாமல் இல்லை. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்கள் வேலை செய்தால் அல்லது அவர்களுக்கு இருபது குழந்தைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பிள்ளைக் காப்பகம் நடத்த வேண்டும் என்றது. மூணாறு தேயிலைத் தோட்டங்களில் கிரீச்சும் ஆயாவும் வந்தது அந்த வழியில்தான். தேயிலை, காப்பி, ரப்பர், ஏலம் அந்தச் சட்டத்தில் இருந்தன, மாந்தோப்பு இருக்கவில்லை. 2017இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம் ஐம்பது பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பகம் வேண்டும் என்றது. இன்று ஒரு தோப்பு, நாளை இன்னொன்று என்று பத்துப் பேராகப் போகும் கூலிப் பெண்களை இந்தக் கணக்கில் எங்கே சேர்ப்பது?

அங்கன்வாடிகள் 1975 அக்டோபர் 2 முதல் நாட்டில் இயங்குகின்றன. ஆனால் உட்கார வைத்துப் பார்த்துக்கொள்வது மூன்று வயதுக்கு மேல்தான். அதற்குக் கீழே உள்ளவர்களுக்குக் கேரளத்தில் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் தயாரிக்கும் 'அமிர்தம்' சத்துமாவு வீட்டுக்குப் போகிறது. நல்ல மாவு. அதைக் காய்ச்சிக் கொடுக்கப் பகலில் வீட்டில் ஆள் வேண்டுமே!

வழியும் இருக்கிறது. ஒன்றிய அரசின் 'பால்னா' திட்டம் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தை அங்கன்வாடியோடு சேர்த்து நடத்தப் பணம் தருகிறது. நாடு முழுக்க 17,000 என்பது இலக்கு. நகரத்து அலுவலகப் பெற்றோருக்கு அது தேவைதான். எல்லைக் கிராமத்துத் தோப்புக் கூலிக்கு அதைவிட முதலில் தேவை. மாம்பழப் பருவத்தில் காலை ஏழு மணிக்கே கதவு திறக்கும் காப்பகம் ஒன்று இங்கே வேண்டும், தமிழ் பேசத் தெரிந்த ஆயாவோடு.

கேரளத்தில் கிராமசபை ஆண்டுக்கு நான்கு முறை கூட வேண்டும். முதலமடையானாலும் இடுக்கியின் தேவிகுளமானாலும், அடுத்த கூட்டத்துக்குப் போகும் வாசகர்கள் சாலை, தெருவிளக்கோடு இந்தக் கோரிக்கையையும் எழுதிக் கொடுங்கள். அம்மாக்கள் மட்டும் கேட்க வேண்டியதில்லை. அப்பாக்களும் கையெழுத்துப் போடலாம்.