வாரண்டி கடிகாரம் யாரு கையில?

சொர்ணவாரி அறுப்பு முடிஞ்சு சம்பாவுக்கு நாத்து விடற வரைக்கும் கொஞ்சம் கை ஓய்வு. அதனால இந்தத் தடவ நெல்லப் பத்தி எழுதல, வண்டியப் பத்தி எழுதறேன். பட்டணத்துல இருக்கிற நீங்க நிறைய பேரு கரண்டு காரு வாங்கிட்டீங்க, இல்ல வாங்கலாம்னு யோசிச்சிக்கினு இருக்கீங்க. எங்க பாகூர், வில்லியனூர் பக்கமும் அது வந்தாச்சு. பெட்ரோல் செலவு மிச்சம், புகை இல்ல, சத்தம் இல்ல. எல்லாம் சரிதான். வண்டி மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. என் கோவமெல்லாம் அந்த வாரண்டிப் பேப்பரு மேல.

வண்டி ரிப்பேருக்கு நிக்கிற நாள வாரண்டி நாளோட சேத்து எண்ணக் கூடாது. வாரண்டி இருக்கும்போது சொன்ன கோளாற, அது எத்தன மாசம் கழிச்சு சரி பண்ணாலும், இலவசமாத்தான் பண்ணணும். நான் சொல்ல வர்றது இவ்வளவுதான். இதக் கேக்கறதுக்கு சட்டம் படிச்சிருக்க வேணாம், பத்தாங்கிளாஸ் கணக்கு போதும்.

என் தங்கச்சி மகன் கிருமாம்பாக்கம் பக்கம் வேலை செய்யறான். 2022ல ஒரு கரண்டு காரு எடுத்தான். கம்பெனி பேரு இங்க வேணாம். மூணு வருஷ வாரண்டி முடிய ரெண்டு மாசம் இருக்கும்போது, வீட்டுல சார்ஜ் போட்டா பாதியில நின்னு போச்சு. சர்வீஸ் சென்டருக்குப் போனான். "உங்க கிராமத்துல லோ வோல்டேஜ் சார்"னு அனுப்பிட்டாங்க. ரெண்டாவது தடவ, "சாஃப்ட்வேர் ஏத்திட்டோம், இனிமே வராது"ன்னாங்க. மூணாவது தடவதான் வண்டிக்குள்ள இருக்கிற சார்ஜர மாத்தணும், சாமான் வரணும்னு உண்மையச் சொன்னாங்க. சாமான் வந்து சேந்தப்போ வாரண்டி போயிடுச்சு. "சிஸ்டத்துல எக்ஸ்பயர்னு காட்டுது சார், எங்க கையில ஒண்ணும் இல்ல." கேட்ட தொகைக்கு ஒரு ஏக்கர் நெல்ல மொத்தமா வித்தாலும் பத்தாது.

என்னங்க நியாயம் இது? கோளாறு சொன்னது வாரண்டி நாள்ல. இழுத்தடிச்சது அவங்க. சாமான் இல்லாம வச்சிருந்தது அவங்க. காசு மட்டும் இவன் தரணுமா?

கடைசியில இலவசமா மாத்திக் குடுத்தாங்க. இரக்கப்பட்டு இல்ல. அவன் மொத தடவ போன அன்னைக்கே தேதி, கிலோமீட்டரு, திரையில வந்த எரர் மெசேஜ் போட்டோ எல்லாம் வச்சு ஒரு இமெயில் போட்டிருந்தான். அத நீட்டினதும் குரல் எறங்கிடுச்சு. இமெயில் போடத் தெரியாத எங்க ஊரு பெரியவங்க என்ன பண்ணுவாங்க?

அடுத்து இந்த "8 வருஷ வாரண்டி" விளம்பரம். பெரிய எழுத்துல 8 வருஷம், 1,60,000 கிலோமீட்டருன்னு போடறாங்களே, அது பெரும்பாலும் பேட்டரிக்கும் மோட்டாருக்கும்தான். மத்த சாமானுக்கெல்லாம் பல கம்பெனியில மூணு வருஷத்தோட சரி. உள்ள இருக்கிற சார்ஜரு, 12 வோல்ட் சின்ன பேட்டரி, சஸ்பென்ஷன், திரை எல்லாம் எந்தக் கணக்குல வருதுன்னு புக்குல பாருங்க. பெரிய பேட்டரி நல்லா இருந்து என்ன பிரயோஜனம், சார்ஜே ஏறலன்னா? கெணத்துல தண்ணி இருக்கு, மோட்டாரு ஓடலன்னா பயிரு காயத்தானே செய்யும்.

ஏதோ ஒரு குடும்பத்துக் கதைய வச்சு இவன் கத்தறான்னு நெனைக்காதீங்க. ஓலா ஸ்கூட்டரு கதை உங்களுக்கே தெரியும். நம்ம பக்கத்துல கிருஷ்ணகிரி மாவட்டத்துல செய்யற வண்டிதான். 2024 அக்டோபர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்தக் கம்பெனிக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்புச்சு. ஒரே வருஷத்துல தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு 10,644 புகார் போயிருந்தது. அதுல 3,364 புகாரு சர்வீஸ் தாமதத்துக்கு மட்டும். 99.1 சதவீதம் தீத்துட்டோம்னு கம்பெனி பதில் சொல்லுச்சு. தீத்துட்டாங்கன்னே வச்சுக்குவோம். தீக்கறதுக்குள்ள எத்தன நாளு ஓடிச்சு? அந்த நாளெல்லாம் யாரு கணக்குல எழுதினாங்க?

எங்க பக்கம் இன்னொரு வம்பு இருக்கு, தண்ணி. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிகிட்ட கரை கடந்தது. ரெண்டு நாள்ல சாத்தனூர் அணையிலேர்ந்து 1,68,000 கன அடி தெறந்து விட்டாங்க. தென்பெண்ணை பெருகி பாகூர் கம்யூன் கிராமங்களுக்குள்ள வெள்ளம் பூந்தது. வெள்ளத்துல கெட்டுப் போனா அது இன்சூரன்ஸ் வேலை, வாரண்டி வராது. அது நியாயம்தான், ஒத்துக்கறேன். ஆனா அந்த மழைக்கப்புறம் எந்தக் கோளாறு சொன்னாலும் "தண்ணி பூந்திருக்கும் சார்"னு ஒரே மந்திரமா ஓதினா எப்படி? விக்கும்போது ஐ.பி.67ன்னு பெருமையா சொன்னீங்களே. ஒரு மீட்டர் தண்ணியில அர மணி நேரம் தாங்கும்னு சோதன பண்ணிக் குடுக்கற தரம் அது. தண்ணி பூந்துச்சுன்னா எந்தெடத்துல பூந்துச்சுன்னு போட்டோ எடுத்து, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. வாய்ச்சொல்லு வேணாம்.

கம்பெனி தரப்புல ஒரு நியாயம் சொல்லுவாங்க. பேட்டரியில 300, 400 வோல்ட் ஓடுது, கண்டவங்க கை வெச்சா உயிருக்கு ஆபத்து, பயிற்சி எடுத்தவங்கதான் தொடணும்னு. ரொம்ப சரி. எங்க போர்வெல் மோட்டாரு புகைஞ்சா வில்லியனூர்ல காயில் கட்டறவரு ரெண்டு நாள்ல கட்டிக் குடுத்துடுவாரு. இந்த வண்டிய அவரால தொட முடியாது. வேற யாரும் தொடக் கூடாதுன்னு நீங்க சொன்னா, அப்போ தொடவேண்டிய பொறுப்பு முழுசும் உங்க தலையிலதானே? ஆள் வைக்க வேண்டியது நீங்க, சாமான் இருப்பு வைக்க வேண்டியது நீங்க. கதவையும் பூட்டி சாவியையும் வச்சுக்கினு, "ஏன் நேரத்துக்கு உள்ள வரல"ன்னு கேக்கறது எந்த ஊரு வழக்கம்?

வெளிநாட்டுல இதுக்கெல்லாம் வழி வச்சிருக்காங்க. அமெரிக்காவுல கலிஃபோர்னியா மாநிலச் சட்டப்படி, பொருளு ரிப்பேருக்கு நிக்கிற நாள்ல வாரண்டிக் கடிகாரம் ஓடக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2024ல ஒரு சட்டம் போட்டுது. சட்டப்படியான உத்தரவாதக் காலத்துல புதுப் பொருள் கேக்காம ரிப்பேரே போதும்னு சொல்றவங்களுக்கு இன்னும் ஒரு வருஷம் உத்தரவாதம் நீளும். அமெரிக்க விவசாயிங்க டிராக்டரு கம்பெனியோட மல்லுக்கட்டி, 2023ல கொலராடோ மாநிலத்துல விவசாய எந்திரத்துக்குன்னே ரிப்பேர் உரிமைச் சட்டம் வாங்கிட்டாங்க. நம்ம மத்திய அரசும் 2022 ஜூலையில ரிப்பேர் உரிமைக்கு ஒரு குழு போட்டுது. விவசாயக் கருவி, வண்டி ரெண்டும் அந்தப் பட்டியல்ல இருக்கு. ஒரு இணையதளமும் தெறந்தாங்க. இணையதளம் வந்தது, சட்டம் வரல.

சட்டம் வர்ற வரைக்கும் கைய கட்டிக்கினு இருக்க முடியாது. வாரண்டி முடிய ஆறு மாசம் இருக்கும்போதே வண்டிய முழுசா பாக்கச் சொல்லுங்க. சின்னக் கோளாறா இருந்தாலும் எழுத்துல குடுங்க. வாய்ல சொன்னது காத்தோட போயிடும். ஒவ்வொரு தடவையும் தேதி, கிலோமீட்டரோட ஜாப் கார்டு வாங்காம வண்டிய விடாதீங்க. நீங்க சொன்ன கோளாறு அதுல அப்படியே எழுதியிருக்கான்னு பாருங்க. முடியாதுன்னு சொன்னா, காரணத்த எழுதிக் கேளுங்க. பாதிப் பேரு எழுதச் சொன்னாலே வழிக்கு வந்துடுவாங்க.

வரலன்னா 1915க்கு போன் போடுங்க. அதுக்கும் மசியலன்னா நுகர்வோர் ஆணையம் இருக்கு. 2019 சட்டப்படி கம்பெனி ஆபீஸ் இருக்கிற ஊருக்கு அலைய வேணாம், நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே வழக்கு போடலாம். வக்கீல் கட்டாயம் இல்ல. 10 லட்சத்துக்கு மேல 20 லட்சம் வரைக்கும் குடுத்து வாங்கின வண்டின்னா கட்டணம் வெறும் 400 ரூபா. கோளாறு கெளம்பி 2 வருஷத்துக்குள்ள போடணும், அத மட்டும் மறக்காதீங்க.

ஆனா இதெல்லாம் நம்ம பாதுகாப்புக்கு நாம பண்றது. அதுக்காக அவங்க பொறுப்பு தீந்துடாது. மாடு வாங்கினா மூணு வேளை கறந்து பாத்துத்தான் காசு குடுப்போம். காரு அப்படிக் கறந்து பாக்கற பொருளு இல்ல, அதனாலதான் வாரண்டின்னு ஒரு வாக்கு. குடுத்தவன் இழுத்தடிச்சா அந்த வாக்கு செல்லாமப் போகும்னா, அதுக்குப் பேரு வாக்கு இல்ல. கரண்டு வண்டிக்கு மானியம் குடுக்கத் தெரிஞ்ச அரசாங்கத்துக்கு, ரிப்பேருக்கு நின்ன நாளக் கழிச்சுக் கணக்குப் பாருன்னு ஒரு வரி உத்தரவு போடத் தெரியாதா? பட்டணத்துல இருக்கிற நீங்கதான் இந்த வண்டிய அதிகம் வாங்கறீங்க. நீங்க கேட்டா காதுல விழும். கேளுங்க.