ஸ்டெம் செல் மாற்றுக்குப் பிறகு வரும் வைரஸ் ஆபத்து: கொடையாளர் செல்களை சேமிக்க வங்கி வேணாமா?

ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை நல்லபடியா முடிஞ்சிருச்சு, புற்றுநோயும் கட்டுக்குள் வந்துருச்சு. அப்புறம் என்ன பயம்? வைரஸ்!

சிகிச்சைக்கு முன் நோயாளியின் பழைய எதிர்ப்பு சக்தி கிட்டத்தட்ட துடைத்து எடுக்கப்படுகிறது. புதியது முழுசா வளர மாதக்கணக்கில் ஆகும். நம்மில் பலரின் உடம்பில் சின்ன வயசிலிருந்தே சும்மா தூங்கும் சைட்டோமெகலோ வைரஸ், எப்ஸ்டீன்-பார் வைரஸ் போன்றவை அந்த இடைவெளியில் விழித்துக்கொள்ளும். எப்ஸ்டீன்-பார் வைரஸ் நிணநீர்ப் புற்றுநோயாகவே மாறலாம். மருந்துகள் இருக்கு. ஆனால், கான்சிக்ளோவிர் ரத்த அணுக்களைக் குறைக்கும், ஃபாஸ்கார்னெட் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

அதனால்தான், வைரஸை ஏற்கெனவே அடையாளம் தெரிந்த டி செல்களை ஆரோக்கியமான ஒருவரிடமிருந்து எடுத்துச் செலுத்தும் யோசனை வந்தது. அமெரிக்காவின் சியாட்டிலிலும் மெம்ஃபிஸிலும் 1990-களிலேயே இதைச் செய்து காட்டினார்கள். சிக்கல் நேரம்தான். ஒவ்வொருவருக்கும் தனியாக செல் வளர்க்க வாரக்கணக்கில் ஆகும். வைரஸ் அதுவரை காத்திருக்குமா என்ன?

இதற்கு ஸ்காட்லாந்து ஒரு வழி கண்டது. ரத்த தானம் செய்தவர்களின் செல்களை முன்கூட்டியே வளர்த்து உறைய வைத்து, திசுப் பொருத்தம் ஓரளவு ஒத்துப்போனாலே கொடுத்தார்கள். வேறு சிகிச்சை பலிக்காத 33 பேரில் (பெரும்பாலும் உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள்) 6 மாதங்களில் பாதிப் பேருக்குப் பலன் தெரிந்ததாக 2007-ல் முடிவுகள் வெளியாயின.

அதே யோசனையில் உருவான டாபெலெக்லூசெல் மருந்துக்கு 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி தந்தது. அமெரிக்காவிலோ 2025 ஜனவரியில் அனுமதி மறுக்கப்பட்டது. அப்போது சொன்ன காரணம் மருந்து அல்ல, தயாரிப்புக் கூடத்தில் இருந்த குறைகள். பல வைரஸ்களை ஒரே நேரத்தில் குறிவைத்த போசோலூசெல்லின் கதை வேற. வெற்றி வாய்ப்பு குறைவு என்று தெரிந்ததும் 2023 டிசம்பரில் அதன் 3 பெரிய ஆய்வுகளையும் நிறுவனம் நிறுத்திவிட்டது. ஆக, இது எல்லோருக்கும் பலிக்கும் மந்திரம் இல்லை. அதை மறைக்க வேண்டியதும் இல்லை.

ஆனா ஒண்ணு, தேவைப்படுவோர் எண்ணிக்கை குறைவு. லாபக் கணக்குப் போடும் நிறுவனத்துக்கு இது பெரிய சந்தை இல்லை. ரத்தத்தை நாம் பங்குச் சந்தையை நம்பியா விட்டு வைத்திருக்கிறோம்? இதையும் ரத்த வங்கி மாதிரி பொதுச் சேவையாக நடத்துவதே சரி என்று நினைக்கிறேன்.

இதில் நமக்கும் வேலை இருக்கு. திசுப் பொருத்தம் மக்கள் இனக்குழுவுக்கு ஏற்ப மாறும். ஐரோப்பியர்களின் செல்களை வைத்து உருவான வங்கியில் தமிழ் நோயாளிக்குப் பொருத்தம் கிடைப்பது கடினம். ஸ்டெம் செல் மாற்றில் வேலூர் சிஎம்சிக்குப் பல பத்தாண்டு அனுபவம் உண்டு. சென்னையில் 2009-ல் தொடங்கிய 'தாத்ரி' கொடையாளர் பதிவேடும் இருக்கு. ஒருவர் ஒருமுறை தரும் ரத்தத்திலிருந்து பல நோயாளிகளுக்கான டோஸ் தயாரிக்க முடியும். கவனமாகத் தேர்ந்தெடுத்த சில டஜன் கொடையாளர்களுடனேயே நம்ம ஊர் வங்கியைத் தொடங்கலாம்.