அடிக்கடி நின்றுபோகும் கணனி



வீட்டில் இருந்தபடியே கடிதங்களும் பாடசாலை வினாத்தாள்களும் தட்டச்சுச் செய்து கொடுத்துப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் ஒரு சகோதரியைச் சென்ற மாதம் சந்தித்தேன். அவருடைய கணனி, உறவுக்காரத் தம்பி ஒருவர் பாகங்களை வேறுவேறாக வாங்கி வீட்டிலேயே பொருத்திக் கொடுத்தது. கொஞ்ச நாளாக அது வேலையின் நடுவில் நின்றுவிடுகிறது. பழுது பார்க்கும் கடையில், மதர்போட் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

"சங்கிலியை அடைவு வைக்கத்தான் வேணும் மிஸ். எனக்கு இந்த மெசின் எல்லாம் சரிவராது போல" என்று கண்கலங்கினார்.

ஒரு கிழமை பொறுக்கச் சொன்னேன். எத்தனை மணிக்கு நின்றது, அப்போது என்ன வேலை நடந்தது, நிற்பதற்கு முன் என்ன தெரிந்தது என்ற மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வரும்படி கேட்டேன்.

கொப்பியே பதிலைச் சொன்னது. காலையில் நிற்பதில்லை. பிற்பகல் வெக்கையில், அரை மணி நேரம் வேலை செய்தபின் முதலில் மந்தமாகிறது, பிறகு நிற்கிறது. ஆறவிட்டால் மறுபடி இயங்குகிறது. இது சூட்டினால் வரும் குறை.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பெட்டியைத் திறந்தோம். புரொசசருக்கு மேலுள்ள விசிறியில் தூசி படிந்திருந்தது. விசிறியைப் பிடிக்கும் நான்கு ஊசிகளில் ஒன்று முழுதாக இறங்காமல் இருந்தது. வீட்டில் பொருத்தும் கணனிகளில் இது அடிக்கடி நடப்பதுதான். விசிறியைக் கழற்றித் தூசி துடைத்து, பழைய பசையை அகற்றி, புரொசசருக்கென விற்கும் புதுப் பசையைப் பயறளவு வைத்து, நான்கு ஊசிகளும் 'டிக்' என்று இறங்கும்வரை அழுத்தினோம். மதர்போட்டில் ஒரு குறையும் இல்லை.

உங்கள் கணனியும் நின்றுபோனால் இவற்றைக் கவனியுங்கள்:

நீலத்திரை வந்து ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழை காட்டினால், ராமில் சந்தேகப்படலாம். அதைக் கழற்றித் திரும்ப இறுக்கமாகச் செருகுங்கள். இரண்டு இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். விண்டோஸிலேயே ராமைச் சோதிக்கும் வசதியும் உண்டு.

மந்தமாகாமல், கண்சிமிட்டும் நேரத்தில் அணைந்தால், மின் இணைப்பையும் பவர் சப்ளையையும் பாருங்கள். தண்ணீர் மோட்டர் போடும் நேரத்தில் அணைகிறதா என்றும் கவனியுங்கள்.

மதர்போட்டிலுள்ள சிறு உருளைகளின் தலை வீங்கியோ கசிந்தோ இருந்தால், அப்போது மதர்போட்டைச் சந்தேகிப்பது நியாயம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது குறை என்று தெரியாமலே போய்விடும்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் அதன் வெறும் உலோகப் பகுதியைத் தொடுங்கள். பவர் சப்ளையை மட்டும் ஒருபோதும் பிரிக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அதற்குள் மின் தங்கியிருக்கும். குறை தீரும்வரை செய்த வேலையைப் பென் டிரைவிலும் ஒரு பிரதி வைத்திருங்கள்.

அந்தச் சகோதரியின் சங்கிலி கழுத்திலேயே இருக்கிறது. பசைக்குச் செலவானது சிறு தொகைதான். போன கிழமை சென்றபோது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கணனி அவருடைய மேசையில் திறந்தபடி இருந்தது. "முதல்ல கொப்பியில எழுது பிள்ளை" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.